மூத்தவளுக்குக் கிடைக்காதது

"பிள்ளையைத் தொட்டில்ல போடுங்கக்கா, கை கடுக்கப் போகுது" என்று நர்ஸ் செல்லக்கனி காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அனுப்பிரியா கேட்பதாக இல்லை.

போன வார அத்தியாயத்தில் அவளைப் பிரசவ அறை வாசலில் விட்டுவிட்டு வந்தோம். தள்ளுவண்டியில் படுத்தபடி, புருஷன் மணிகண்டராஜின் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "போன தடவை மாதிரி ஆயிட்டேன்னா என்ன செய்வீக?" என்று கேட்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

பயந்தது எதுவும் நடக்கவில்லை. முதல் பிள்ளை ஆபரேஷன் என்பதால் இதுவும் கத்திதான் என்று எல்லோரும் முடிவு கட்டியிருக்க, டாக்டரம்மா மட்டும், "ஆறு வருஷ இடைவெளி இருக்கு. வலியும் தானா வந்திருக்கு. பார்ப்போமே" என்றார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிறந்துவிட்டான். சிவகாசித் தெருக்களில் பால் வண்டிகளின் சத்தம் அடங்குவதற்குள், ஈரத்தோடு அவனைத் தூக்கி அவள் மார்பில் போட்டார்கள். ஆணா பெண்ணா என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. இரண்டு கையாலும் அள்ளி அணைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பெத்த வலியோட சிரிக்கிறவங்களை இப்பத்தான் பார்க்கேன்" என்றாள் செல்லக்கனி.

அது நேற்று. இன்றும் அந்தச் சிரிப்பு அவள் முகத்தைவிட்டுப் போகவில்லை. பிள்ளையின் உச்சந்தலையை முகர்ந்து பார்த்தாள். காது மடலில் படிந்திருந்த பூனைமுடியை விரல் நுனியால் நீவிவிட்டாள். அவன் உதட்டைக் குவித்தால் போதும், இவளுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது.

இதைத்தானா எல்லாப் பெண்களும் சொன்னார்கள்? இவ்வளவுதானா?

அப்படி நினைத்த மாத்திரத்தில் சிரிப்பு அடங்கியது. மூத்தவளைப் பெற்றபோது இதில் ஒரு துளிகூட வரவில்லையே.

பிரீத்திகா பிறந்தது விருதுநகரில், அனுவின் தாய் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியில். தீபாவளி சீசன். மணிகண்டராஜும் அவன் அண்ணன் ராம்குமாரும் சேர்ந்து நடத்தும் அச்சகத்தில் வெடிப்பெட்டி லேபிள்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தன. அவன் வரவில்லை. ஒரு பகல், ஒரு இரவு முழுக்க வலியில் துடித்து, கடைசியில் மயக்க ஊசி போட்டு அறுத்துத்தான் எடுத்தார்கள். கண் விழித்தபோது அவள் அம்மா ஒரு துணிப் பொதியைக் கொண்டுவந்து காட்டி, "மகாலட்சுமி பொறந்திருக்கா, பாரு" என்றாள்.

அனு பார்த்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் தன் பிள்ளையைக் காட்டினால் நாம் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அலுப்பு என்றார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அலுப்பு தீரவில்லை. பிள்ளை அழுதால் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் கிடத்தினால் எழுந்து அடுத்த அறைக்குப் போனாள். ஒருநாள், "இதை எங்கனயாவது கொண்டுபோயிருங்க!" என்று கத்தியே விட்டாள். அம்மா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். இருக்கன்குடிக்குப் போய் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு வந்தாள். இது ஒரு நோய் என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. சொல்ல யாருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் சொர்ணலட்சுமி பிள்ளை பார்க்க வந்தாள். ராம்குமாரின் மனைவி, அனுவுக்கு ஓரகத்தி. பழத்தட்டும் கொலுசுமாக வந்தவள், தொட்டிலில் வீறிட்டுக்கொண்டிருந்த பிள்ளையையும் சுவரைப் பார்த்துக் கிடந்த தாயையும் மாறி மாறிப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து பிள்ளையைத் தூக்கினாள்.

"நீங்க ஊருக்குப் போங்க. நான் வர நாளாகும்" என்று புருஷனை அனுப்பிவிட்டு, விருந்தாளியாக வந்த வீட்டிலேயே புட்டிப்பால் ஆற்றிக்கொண்டு தங்கிவிட்டாள். பிறகு அனுவை மதுரைக்குக் கூட்டிப்போய் மனநல டாக்டரிடம் காட்டியதும் அவள்தான்.

மாத்திரைகள் வேலை செய்தன. கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வருகிற மாதிரி அனு மெல்ல மெல்லத் தேறி வந்தபோது பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தது. அனு இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளை சொர்ணலட்சுமியின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

சொர்ணலட்சுமிக்குப் பிள்ளை இல்லை. ஒரே வீட்டில் அவள் கீழே, அனு மாடியில். இன்றுவரை பிரீத்திகா உறங்குவது கீழேதான்.

மத்தியானம் சாப்பாட்டுக் கூடையோடு சொர்ணலட்சுமி வந்தாள். பின்னாலேயே பிரீத்திகா. பிறந்த தம்பியை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்க வருகிறாள். படிய வாரிப் பின்னிய சடையும் புதுச் சட்டையுமாக வந்தவள், கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"வா பாப்பா. தம்பியைப் பாரு" என்றாள் அனு.

"போ தாயி. ஏன் அங்கனயே நிக்க?" என்று சொர்ணலட்சுமி முதுகில் கை வைத்த பிறகுதான் கட்டில்வரை வந்தாள்.

வந்தவள் தம்பியைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையைப் பார்த்தாள். அந்தக் கை பிள்ளையின் முதுகை விடாமல் தடவிக்கொண்டிருந்தது.

"நான் பொறந்தப்பவும் என்னை இப்படித்தான் வச்சிருந்தீங்களா?"

அனுவின் கை நின்றுபோனது.

"பின்னே?" என்றாள் சொர்ணலட்சுமி, கூடையைத் திறந்துகொண்டே. "இதுக்கும் மேல! உன்னைக் கையில வாங்குனதும் நெத்தியில ஒரு முத்தம், கன்னத்துல ரெண்டு முத்தம். ஊசி போடணும், குடுங்கன்னு டாக்டர் கேட்டதுக்குக்கூடத் தரமாட்டேன்னுட்டா உங்கம்மா. நான்தான் கெஞ்சி வாங்கிக் குடுத்தேன்."

"நெசமாவா பெரியம்மா?"

"உங்கிட்ட நான் எதுக்குத் தாயி பொய் சொல்லப் போறேன்?"

பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் பிரீத்திகா கேட்டு வளர்ந்த கதை அது. அந்த முத்தங்களையெல்லாம் கொடுத்தது சொர்ணலட்சுமி. தான் கொடுத்ததை அவள் அனுவின் பேரில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் கேசரி பரிமாறிக்கொண்டோ, பலூனை ஊதிக்கொண்டோ அனு அதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். தலையைக் குனிந்துகொள்வாள். 'அப்படி இல்லை' என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இன்றும் குனிந்துகொண்டாள்.

பிரீத்திகா திருப்தியோடு பெரியம்மாவின் போனை வாங்கிக்கொண்டு, துணைக்கு வருகிறவர்கள் படுப்பதற்காக மூலையில் போட்டிருந்த சின்னக் கட்டிலில் ஏறி உட்கார்ந்து விளையாட ஆரம்பித்தாள்.

"சுறாப்புட்டு வச்சிருக்கேன். சாப்பிடு. அப்பத்தான் பால் நல்லா ஊறும்" என்றாள் சொர்ணலட்சுமி.

"பால் நல்லாவே இருக்குக்கா" என்றாள் அனு. சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. இந்தக் கைகள்தானே ஊரார் வீட்டு அடுப்படியில் நின்று புட்டிப்பால் ஆற்றின.

சொர்ணலட்சுமி நிமிராமல் சோற்றைப் பிசைந்தாள். "நல்லதுதான. சந்தோசமா இரு. அதுக்கு எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போடுத?"

"வெக்கமா இருக்குக்கா. இவனைத் தூக்கும்போதெல்லாம் அவ நெனப்புதான் வருது. இம்புட்டு லேசான காரியத்தை அன்னைக்கு என்னால ஏன் செய்ய முடியாமப் போச்சு?"

"மெதுவாப் பேசு, பிள்ளை இருக்கா." ஒரு வாய் ஊட்டிவிட்டுச் சொன்னாள்: "அது முடிஞ்சுபோன கதை. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியவும் வேண்டாம்."

சாப்பாடு முடிந்ததும், வெந்நீர் வாங்கிக்கொண்டு அப்படியே மருந்துக் கடைக்கும் போய் வருவதாகச் சொல்லிவிட்டு ஃபிளாஸ்க்கோடு கீழே இறங்கிப் போனாள்.

அவள் போன சற்று நேரத்தில் வாசலில் ஒரு வெண்கலக் குரல் கேட்டது.

"ஏலே! எங்க வீட்டுச் சிங்கம் எங்கலே இருக்கு?"

மணிகண்டராஜின் அக்கா பாண்டிலட்சுமி. சாத்தூரிலிருந்து வந்திருந்தாள். கட்டிய பூவும் கல்கண்டுப் பொட்டலமும் ஒரு கையில். வந்த வேகத்தில் அவற்றை மேசையில் போட்டுவிட்டுப் பிள்ளையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். கெட்ட மனசுக்காரி அல்ல. மனசுக்கும் வாய்க்கும் நடுவில் அவளுக்குக் கதவு கிடையாது.

ரத்த அழுத்தம் பார்க்க வந்த செல்லக்கனியிடம், "இவ மூஞ்சியைப் பாரேன், எப்படிப் பூரிச்சுப்போயிருக்கு!" என்று ஆரம்பித்தாள். "மூத்தவ பொறந்தப்ப நீ இவளைப் பாத்திருக்கணும். பிள்ளையைத் தொடக்கூட மாட்டேன்னுட்டா. 'எங்கனயாவது கொண்டுபோயிருங்க'ன்னு வீடே அதிரக் கத்துனா. பொட்டப்பிள்ளையாப் போச்சேன்னு அம்புட்டு ஆத்தாமை! இப்பப் பாரு, பையன்னதும் கையைவிட்டு எறக்க மனசு வரல!"

செல்லக்கனி என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்து வைத்தாள்.

"அப்படி இல்ல மதினி..." என்றாள் அனு.

"நான் என்ன தப்பாவா சொல்லுதேன்? நாங்க எல்லாரும் அப்பவே பேசிக்கிட்டதுதான. பொம்பளைன்னா அந்த ஆசை இருக்கத்தான் செய்யும்."

நாங்க எல்லாரும்!

ஆறு வருஷமாக இந்தக் குடும்பம் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தது என்பது அனுவுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. மனநோய் என்று சொல்ல வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டாள். ஜனங்கள் தங்களுக்குத் தெரிந்த காரணம் ஒன்றை எடுத்து அவள் தலையில் மாட்டிவிட்டார்கள். நேற்று விடியற்காலையில், ஆணா பெண்ணா என்று தெரியாமலே பிள்ளையைக் கட்டிக்கொண்டதை இனி யாரிடம் சொல்வாள்? யார் நம்புவார்கள்?

மூலையில் கேட்டுக்கொண்டிருந்த விளையாட்டுச் சத்தம் நின்றுபோயிருந்தது.

பாண்டிலட்சுமி பிள்ளைக்குத் திருஷ்டி கழித்து, நெற்றியில் நெட்டி முறித்து, அவனை அனுவிடம் கொடுத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு தாயி" என்று கிளம்பினாள். போகிறபோது பிரீத்திகாவின் கன்னத்தையும் ஆசையோடு கிள்ளிவிட்டுத்தான் போனாள். செல்லக்கனியும் மெதுவாக நழுவினாள்.

பிரீத்திகா போனை மூலைக் கட்டிலிலேயே வைத்தாள்.

"அம்மா."

"என்ன பாப்பா?"

"நான் பையனாப் பொறந்திருந்தா என்னைத் தூக்கியிருப்பீங்களா?"

அத்தை சும்மா வேடிக்கைக்குச் சொன்னாக என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரியம்மா சொல்லி வைத்த கதை தயாராக இருந்தது. ஆனால் அந்தக் கண்களைப் பார்த்ததும் அனுவுக்கு ஒன்று புரிந்தது. இப்போது மழுப்பினால், இந்தப் பிள்ளை அத்தை சொன்னதைத்தான் ஆயுசு முழுக்க நம்பும். பெண்ணாய்ப் பிறந்தது தன் குற்றம் என்றே வளரும்.

அனு மகனைத் தொட்டிலில் கிடத்தினாள்.

"இங்கன வா. பக்கத்துல உக்காரு."

பிரீத்திகா வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"நான் உன்னைத் தூக்கல பாப்பா. அது நெசம். ஆனா நீ பொண்ணுங்கிறதுனால இல்ல."

"பின்ன எதுக்கு?"

"அம்மாவுக்குச் சொகமில்லாமப் போச்சு. காய்ச்சல் வந்தா உடம்பு சுடும்ல? எனக்கு மனசுல வந்துச்சு. யாரைப் பார்த்தாலும் எதுவும் தோணாது. உன்னைப் பார்த்தாலும் தோணல. நீ அழுதா பயந்து நடுங்குவேன். அன்னைக்குத் தம்பி பொறந்திருந்தா அவனையும் தொட்டிருக்க மாட்டேன்."

"என்னை எங்கனயாவது கொண்டுபோகச் சொன்னீங்களா?"

பொய் சொல்ல அப்போதும் இடம் இருந்தது. அனுவுக்கு முகமெல்லாம் எரிந்தது. பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது?

"சொன்னேன்."

பிரீத்திகா அழவில்லை. போர்வையில் பிரிந்திருந்த நூலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"முத்தம்?"

"குடுக்கல. அதெல்லாம் பெரியம்மா குடுத்தது. பால் குடுத்தது, குளிப்பாட்டுனது, தூங்க வச்சது எல்லாமே பெரியம்மாதான்."

இனி இவள் என்னை வெறுக்கப் போகிறாள், அது நியாயம்தான் என்று அனு காத்திருந்தாள். ஆனால் பிள்ளையின் மனசு வேறு பக்கம் திரும்பியது.

"அப்ப பெரியம்மா சொன்னது பொய்யா?"

வாசலில் ஃபிளாஸ்க்கோடு சொர்ணலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ, எதிலிருந்து கேட்டாளோ.

"பொய்தானே சொன்னே?" பிரீத்திகா அவளைப் பார்த்தே கேட்டாள். "ஒவ்வொரு பொறந்தநாளுக்கும் சொன்னே. நான் கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். டாக்டருக்குக்கூடக் குடுக்கலைன்னு எங்க மிஸ்கிட்டச் சொல்லியிருக்கேன்!"

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கதை பொய்யாய்ப் போனதற்காக மட்டும் அல்ல. அதை ஊரெல்லாம் பெருமையடித்த வெட்கம், அந்தச் சின்ன முகத்தில் சிவப்பாக ஏறியது.

சொர்ணலட்சுமி குனிந்து அவள் தோளைத் தொட்டாள். "உனக்கு மனசு கஷ்டப்படுமேன்னுதான் தாயி..."

பிரீத்திகா தோளை உதறினாள். "நீங்க போங்க. நான் உங்ககூட வரல. அம்மாகூட இங்கனயே இருந்துக்கிடுதேன்."

நீங்க! பெற்றவளைத்தான் அவள் அப்படிச் சொல்வாள். பெரியம்மா எப்போதும் 'நீ'தான்.

சொர்ணலட்சுமியின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அது ஃபிளாஸ்க்கை மேசையில் வைத்தது, மூடியைத் திருகிப் பார்த்தது, மருந்துப் பையை அதன் பக்கத்தில் ஒழுங்காக வைத்தது. பிரீத்திகா கட்டிலில் ஏறி, அனுவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள்.

யாரும் சொல்லாமல், யாரும் தள்ளிவிடாமல், அவளாக வந்து ஒட்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

அனுவுக்குள் சந்தோஷம் பொங்கியது. சின்னதுதான். ஆனாலும் சந்தோஷம்தான். எத்தனை வருஷ ஏக்கம்! கை தானாக மகளை வளைத்துக்கொண்டது. அந்த நிலையிலேயே தலையை நிமிர்த்தினாள்.

சொர்ணலட்சுமி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெறுங்கூடையையும் மூலைக் கட்டிலில் கிடந்த தன் போனையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

'அக்கா, நில்லுங்க' என்று கூப்பிட வேண்டும் என்று அனுவுக்குத் தெரிந்தது. கூப்பிடவில்லை.

முதல் பிரசவத்தில் பட்ட அவமானத்துக்கு நோய் என்று ஒரு பேராவது இருந்தது. இதற்கு அதுவும் இல்லை. இது நல்ல புத்தியோடு, நல்ல உடம்போடு, தெரிந்தே செய்தது.

சற்று நேரத்தில் மணிகண்டராஜ் வந்தான். சட்டையெல்லாம் அச்சு மையின் வாசனை.

"மதினிக்கு என்னாச்சு? கீழ ஆட்டோ ஏறுதாக. வாங்க, கார்ல வீட்டுல விடுதேன்னேன். வீட்டுக்கு இல்ல, எம். புதுப்பட்டிக்குன்னாக. அண்ணனுக்குத் தெரியுமான்னு கேட்டதுக்குப் பதிலே இல்ல."

எம். புதுப்பட்டி சொர்ணலட்சுமியின் பிறந்த வீடு. பிரீத்திகா வந்ததிலிருந்து ஒருநாள்கூட அவள் அங்கே போய்த் தங்கியதில்லை. பிள்ளை தேடுமே என்பாள்.

அனு நடந்ததைச் சொன்னாள். அழுது ஓய்ந்த பிரீத்திகா எழுந்து போய்த் தொட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள். அனு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நீங்களும் அப்படித்தான் நெனச்சீகளா? பொட்டப்பிள்ளைன்னுதான் நான் தொடலைன்னு?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "எனக்கு நெசம் தெரியும். ஆனா அக்கா அப்படிச் சொன்னப்ப நான் மறுத்துப் பேசல. பொண்டாட்டிக்குப் புத்தி சரியில்லன்னு சொல்றதுக்கு இது தேவலைன்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவனைக் கோபித்துக்கொள்ள அனுவுக்கு வாய் வரவில்லை. ஆளுக்கொரு பொய்யை வைத்துக்கொண்டு ஆறு வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். அவற்றில் அடுத்தவருக்காகச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னவள்தான் இப்போது ஆட்டோவில் போகிறாள்.

"போன் போடுங்க."

"போட்டேன். எடுக்க மாட்டேங்காக."

"என் போனைத் தாங்க."

முதல் தடவை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தடவை எடுத்தாள். ஆட்டோவின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"அக்கா, திரும்பி வாங்கக்கா. அவ சின்னப்பிள்ளை. காலையில மறந்திருவா."

இரைச்சல்தான்.

இதைச் சொல்வதற்கா கூப்பிட்டோம் என்று அனுவுக்குத் தோன்றியது. சுவர்ப்பக்கம் திரும்பி, போனை உதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அவ உங்களைப் போகச் சொன்னப்ப... எனக்குச் சந்தோசமா இருந்துச்சுக்கா."

ஒரு லாரி கடந்து போகும் சத்தம் கேட்டது. அது தேய்ந்து மறைந்த பிறகு சொர்ணலட்சுமியின் குரல் வந்தது. அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"தெரியும். உன் மூஞ்சியைப் பார்த்துட்டுத்தான் கெளம்புனேன்."

இணைப்பு அறுந்தது.

தொட்டிலுக்குள் கையை விட்டுத் தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த பிரீத்திகா, தலையைத் திருப்பாமலே கேட்டாள்.

"பெரியம்மா எப்ப வரும்?"